ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் ஆலோசகர் பட்டியலை எப்படிப் படிப்பது?

மேட்டுத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

என் தங்கை மகள் உயிர்மருத்துவப் பொறியியல் முடித்தவள். ரத்தப் பரிசோதனைக் கருவி தயாரிக்கும் புதிய நிறுவனம் ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனப் பங்காகத் தருவார்களாம். "மாமா, இதைப் பாருங்கள்" என்று அவர்களுடைய தளத்திலிருந்து 'தலைமைக் குழுவும் ஆலோசகர்களும்' என்ற பக்கத்தை அனுப்பினாள். பதினாறு புகைப்படங்கள். ஓய்வுபெற்ற அரசுச் செயலாளர், முன்னாள் வங்கித் தலைவர், வெளிநாட்டுப் பேராசிரியர் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று உறவினர் பெயர்களை அடுக்குவார்களே, அந்த நினைவுதான் வந்தது.

நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் படிக்கத் தெரியும், இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். பொதுவாக இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நெட்டைமரம்

புகைப்படம் எடுத்தவர் நல்ல தொழில்காரர் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆய்வகத்தான்

ஐயா, நான் 22 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் என் போன்றவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும்: தெரனோஸ்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த எலிசபெத் ஹோம்ஸ் 2003இல், தம் 19ஆவது வயதில் தொடங்கிய நிறுவனம். விரல்நுனியில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்பது வாக்குறுதி. 2014இல் அதன் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். 2018இல் கடையை மூடினார்கள்.

அதன் இயக்குநர் குழுவை 2014 நிலவரப்படி பாருங்கள். ஜார்ஜ் ஷூல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர் இருவரும் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். வில்லியம் பெர்ரி முன்னாள் பாதுகாப்பு அமைச்சர். சாம் நன் முன்னாள் செனட்டர். கேரி ரஃபெட் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி. ஜேம்ஸ் மேட்டிஸ் தரைப்படையாகவும் கடற்படையாகவும் போரிடும் மரைன் பிரிவின் ஓய்வுபெற்ற ஜெனரல். ரிச்சர்ட் கோவாசெவிச் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் முன்னாள் தலைவர். ரைலி பெக்டெல் கட்டுமானத் தொழிலதிபர். ஒரு நாட்டின் மீது படையெடுக்க இதைவிட நல்ல குழு கிடைக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று சொல்ல இவர்களில் யாரைக் கேட்பது?

பொட்டாசியத்தைச் சும்மா சொல்லவில்லை. விரல்நுனியைப் பிழிந்து ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடையும். உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது, அறிக்கையில் மட்டும் இதயம் நின்றுவிடும் அளவுக்கு எண் ஏறியிருக்கும். இது எங்கள் கூடத்தில் பயிற்சிக்கு வரும் மாணவிக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது.

வடகாற்று

எல்லோரும் பாடும் பழைய பாட்டு இது. இரண்டு திருத்தங்கள்.

அந்தக் குழுவில் மருத்துவர்களே இல்லை என்ற தொனி தவறு. பில் ஃபிரிஸ்ட் செனட்டர் ஆவதற்கு முன்பு இதய மாற்று அறுவை சிகிச்சை நிபுணர். வில்லியம் ஃபேகி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முன்னாள் இயக்குநர், பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்ததில் முன்வரிசையில் நின்றவர், 1970களில் இந்தியாவிலும் அந்த வேலைக்காக அலைந்தவர். அவரையும் வெறும் அலங்காரப் பெயர் என்பீர்களா?

இரண்டாவது, அந்தக் குழுவும் ஏமாற்றப்பட்டது. மேட்டிஸ் தம் சொந்தப் பணம் ஏறக்குறைய 85,000 டாலரைப் போட்டிருந்தார். ஏமாற்றுகிறவனின் கூட்டாளி தன் பணத்தை அதிலேயே போடுவானா?

ஆய்வகத்தான்

ஃபேகி மீது எனக்கு மரியாதை உண்டு, ஐயா. ஆனால் தொற்றுநோயியல் வேறு, பரிசோதனைக்கூடம் வேறு. இதய அறுவை நிபுணர் எங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பவர். அந்த அறிக்கை எப்படிப் பிறக்கிறது என்பது அவர் அறிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. ஹோட்டலில் தினமும் சாப்பிடுகிறவரைக் கூப்பிட்டு அடுப்படிக்குச் சான்றிதழ் கேட்பதுபோலத்தான்.

ரத்த வேதியியலிலேயே ஊறியவர்கள் அடங்கிய மருத்துவ ஆலோசனைக் குழுவை தெரனோஸ் அறிவித்தது எப்போது தெரியுமா? 2016 ஏப்ரலில். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில், தெரனோஸை அம்பலப்படுத்திய ஜான் கேரிரூவின் முதல் கட்டுரை வந்து ஆறு மாதம் கழித்து.

தேனடை

நான் மருத்துவர். எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதல்ல, யார் இல்லாமல் போனார்கள் என்பது.

ஹோம்ஸ் மாணவியாக இருந்தபோது தம் முதல் யோசனையுடன் ஸ்டான்ஃபோர்டின் மருத்துவப் பேராசிரியர் ஃபிலிஸ் கார்ட்னரிடம் போனார். தோலில் ஒட்டும் ஒரு பட்டை நோயையும் கண்டுபிடிக்கும், மருந்தையும் செலுத்தும் என்பது யோசனை. அது நடக்காது என்று கார்ட்னர் சொல்லிவிட்டார். மருந்தின் வீரியம், அதற்குத் தேவைப்படும் அளவு இவற்றைத் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அடுத்து ஹோம்ஸ் நம்பியது வேதிப் பொறியியல் பேராசிரியர் சானிங் ராபர்ட்சனை. அவர் பக்கத்தில் வந்தார், கார்ட்னர் வரவில்லை. இப்படித்தான் அந்தப் பக்கங்கள் உருவாகின்றன. 'முடியாது' என்றவருடைய புகைப்படம் எங்கும் வராது.

ஆப்பிளில் மென்பொருள் தலைவராக இருந்த ஏவி டெவேனியன் தொடக்க காலத்தில் இயக்குநராக இருந்தார். வருவாய்க் கணிப்புகளைப் பற்றியும் பங்கு விவகாரத்தைப் பற்றியும் கேள்வி கேட்டார். 2007 முடிவில் விலகினார். கேள்வி கேட்டவர் போன பிறகுதான் பெரிய பெயர்கள் வரத் தொடங்கின. ஷூல்ட்ஸ் வந்தது 2011இல்.

பழையகணக்கு

தணிக்கையாளனாக ஒரு வார்த்தை. வடகாற்று, தேனடை இருவரும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வாக்குகளைப் பற்றிப் பேசுகிறேன்.

2008இல் ஒரு சம்பவம். அப்போதிருந்த இயக்குநர்கள் ஹோம்ஸைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்க முடிவெடுத்துவிட்டார்கள். அவரை அழைத்துச் சொன்னார்கள். அவர் பேசிப் பேசியே அவர்கள் மனத்தை மாற்றிவிட்டார். சில மணி நேரத்தில் முடிவு தலைகீழானது. அந்தக் குழுவில் கிஸ்ஸிஞ்சர் இல்லை. முதலீட்டாளர்களும் தொழில் நடத்தியவர்களும்தான் இருந்தார்கள். தோற்றாலும் அவர்கள் தங்கள் வேலையைச் செய்யப் பார்த்தார்கள்.

பிறகு என்ன ஆனது? ஹோம்ஸின் பங்கு ஒவ்வொன்றுக்கும் 100 வாக்கு என்று 2013இல் மாற்றினார்கள். அதன் பிறகு 99 சதவீதத்துக்கும் மேலான வாக்கு அவர் ஒருவரிடம். இயக்குநர் குழு என்று பெயர், ஆனால் அவரை இறக்க வழியில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, மரியாதை எல்லாம் பலமாக இருக்கும், சாவி மட்டும் கைக்கு வராது.

மேட்டுத்தெரு ஐயா கேட்டதற்கு என் பதில் இது. புகைப்படத்தைப் பார்க்காதீர்கள். இந்தப் பதினாறு பேரும் சேர்ந்து ஒரு மனதாகக் கை தூக்கினால் நிறுவனரை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இயக்குநருக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. 'ஆலோசகர்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் எந்தப் பொறுப்பும் கிடையாது. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவுப் படத்தில் போடுவதே ஒரு வித்தை.

நெட்டைமரம்

> 'ஆலோசகர்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் எந்தப் பொறுப்பும் கிடையாது

தெரனோஸே இதைச் செய்து காட்டியது. கேரிரூவின் கட்டுரை 2015 அக்டோபர் 15 அன்று வந்தது. அதே மாதம் பெரிய பெயர்களை எல்லாம் 'ஆலோசகர் மன்றம்' என்று தனியாகப் பிரித்து வைத்தார்கள். இயக்குநர் குழுவில் மிஞ்சியது ஹோம்ஸ், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சன்னி பல்வானி, பெக்டெல், மேட்டிஸ், வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் ஆகிய ஐந்து பேர். அந்தப் பாய்ஸ் நிறுவனத்தின் வக்கீலும்கூட. அவருடைய அலுவலகம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தெரனோஸ் பங்குகளாகவே வாங்கியிருந்தது. வக்கீலும் நானே, இயக்குநரும் நானே, பங்குதாரரும் நானே. நடுவில் நின்று சந்தேகப்பட ஆள் ஏது?

வடகாற்று

பழையகணக்கு சொன்ன வாக்குக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது தெரனோஸுக்கு மட்டும் உரிய குற்றம் இல்லை. நிறுவனர் கையில் அதிக வாக்கு இருப்பது கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் உண்டு. அவை சரிந்துவிடவில்லையே.

பழையகணக்கு

தேடுபொறி தவறான பதில் தந்தால் நான் இன்னொரு முறை தேடுவேன். அரிசோனாவில் ஒரு பெண்ணுக்குத் தெரனோஸ் கொடுத்த எண்களைப் பார்த்துக் கரு கலைகிறது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அவர் நல்லபடியாகக் குழந்தை பெற்றார். நீதிமன்றத்தில் வந்து சொன்ன சாட்சி இது.

தேனடை

சன்னி பல்வானியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. தலைமைக் குழு என்று தலைப்பு வைத்துவிட்டு முன்னாள் அமைச்சர்களையே சுற்றி வருகிறோம். அன்றாடம் நிறுவனத்தை ஓட்டியவர் அவர்தான். 2009இல் வந்தார். தலைவர், தலைமை இயக்க அலுவலர் என்று இரண்டு பட்டம். பின்னணி மென்பொருள். மருத்துவமும் இல்லை, பரிசோதனைக்கூட அனுபவமும் இல்லை. நிறுவனத்தின் கடனுக்குத் தம் சொத்திலிருந்து உத்தரவாதம் கொடுத்தார். ஹோம்ஸுக்கும் அவருக்கும் இருந்த நெருக்கமான உறவு முதலீட்டாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. கேள்வி கேட்கும் ஊழியரை அவர் நடத்திய விதம், பின்னர் இருவர் மீதும் தனித்தனியாக நடந்த மோசடி வழக்குகளில் சாட்சியாக வந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. அமெரிக்கச் சட்டப்படி பரிசோதனைக் கூடத்துக்குத் தகுதியுள்ள இயக்குநர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். தெரனோஸில் அந்த வேலையில் இருந்த ஆடம் ரோசன்டார்ஃப், முடிவுகளில் நம்பிக்கை இல்லாமல் 2014 நவம்பரில் விலகினார். அவர் இடத்துக்கு யார் வந்தார் தெரியுமா? பல்வானிக்குத் தோல் சிகிச்சை செய்துவந்த மருத்துவர். பல மாதங்களில் அவர் கூடத்துக்கு நேரில் வந்தது இரண்டே முறை. சட்டத்தின் கண்ணில் தகுதி சரிதான். ஆனால் ஒரு முகப்பரு நிபுணர் என் நோயாளியின் ரத்தம் உறையும் நேரத்துக்குப் பொறுப்பு என்றால் நான் அந்த அறிக்கையைக் கையால்கூடத் தொடமாட்டேன்.

2016 ஜனவரியில் மத்திய மருத்துவச் சேவை அமைப்பு அனுப்பிய கடிதத்தில், அந்தக் கூடம் நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று குறிப்பிட்டது அந்த ரத்த உறைவுப் பரிசோதனையை வைத்துத்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வோம். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் பக்கவாதம்.

மேட்டுத்தெரு

எல்லோருக்கும் நன்றி. ஒன்று புரியவில்லை. இத்தனை பணம் போட்டவர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லையா? எங்கள் கிளையில் ஐந்து லட்சம் ரூபாய் கடனுக்கே மாட்டுக்கொட்டகை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பழையகணக்கு

அதுதான் ஐயா வேடிக்கை. 70 கோடி டாலருக்கும் மேல் திரட்டினார்கள். வால்மார்ட்டின் வால்டன் குடும்பம் 15 கோடி, ரூபர்ட் மர்டாக் 12 கோடிக்கும் மேல், டிவாஸ் குடும்பம் 10 கோடி. பெரும்பாலும் குடும்பப் பணம். மருத்துவத்துறையிலேயே முதலீடு செய்கிற நிறுவனங்களில் பலர் ஒதுங்கி நின்றார்கள். கேள்விக்குப் பதில் வராததுதான் காரணம். ஒதுங்கியவர்களின் பட்டியலை எந்த நிறுவனமும் தளத்தில் போடுவதில்லை.

மருந்து நிறுவனமான ஃபைசர் 2008இலேயே தெரனோஸ் அனுப்பிய அறிக்கையைப் பார்த்துத் திருப்தி இல்லை என்று ஒதுக்கிவிட்டது. பிறகு அதே ஃபைசரின் சின்னத்தைத் தலைப்பில் போட்ட ஓர் அறிக்கை முதலீட்டாளர்களுக்கும் வால்கிரீன்ஸுக்கும் போனது. சின்னத்தைச் சேர்த்தது தாம்தான் என்று ஹோம்ஸ் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். வால்கிரீன்ஸ் மருந்துக் கடைச் சங்கிலி 14 கோடி டாலர் போட்டிருந்தது. ஃபைசருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

உங்கள் மாட்டுக்கொட்டகைப் பழக்கம் அவர்களில் ஒருவருக்கு இருந்திருந்தால் போதும்.

ஆய்வகத்தான்

இன்னொரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் கருவியை வெளியே விற்றால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் தன் கூடத்திலேயே உருவாக்கி, தன் கூடத்திலேயே பயன்படுத்தும் பரிசோதனைகளுக்கு அந்த நிர்வாகம் நீண்டகாலமாகக் கண்டிப்பு காட்டவில்லை. தெரனோஸ் ரத்தத்தைத் தன் கூடத்துக்கே வரவழைத்து அந்தச் சந்துக்குள் நடந்தது. 2015 ஜூலையில் அனுமதி கிடைத்தது ஒரே ஒரு ஹெர்பிஸ் (HSV-1) வைரஸ் பரிசோதனைக்கு.

2012இலேயே ராணுவத்தின் ஒழுங்குமுறை அதிகாரி ஒருவர் இந்தச் சந்து வழியைக் கவனித்துக் கேள்வி எழுப்பினார். மேட்டிஸ் அப்போது பதவியில் இருந்தார், போர்க்களத்தில் இந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஆவலாக இருந்தார். கருவி ஆப்கானிஸ்தான் போர்க்களத்துக்குப் போகவே இல்லை. ஓய்வு பெற்றதும் 2013இல் மேட்டிஸ் இயக்குநர் ஆனார். வடகாற்று, அவர் சொந்தப் பணம் போட்டதை நானும் மதிக்கிறேன். ஆனால் ராணுவத்திலேயே ஒருவர் ஏற்கெனவே காட்டிய சிவப்புக் கொடியை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

உள்ளே என்ன நடந்தது என்றால், 200க்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் அவர்களுடைய எடிசன் கருவியில் நடந்தது பதினைந்துக்கு மேல் இல்லை. மற்றவை சீமென்ஸ் போன்ற வெளிக் கருவிகளில். அதிலும் சில சொட்டு ரத்தம் போதாது என்பதால் நீர்த்துப்போகச் செய்து ஏற்றினார்கள். நீர்க்கப் பண்ணினால் பிழை பெருகும், இது ரசம் வைக்கிறவருக்கும் தெரியும்.

வடகாற்று

சரி, எதிர் உதாரணம் ஒன்று தருகிறேன், மறுத்துப் பாருங்கள். மாடர்னா. 2010இல் தொடங்கியது. 2011 முதல் தலைவர் ஸ்டீஃபன் பன்செல், பொறியியல் படித்தவர், விஞ்ஞானி அல்லர். பல ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரை வெளியிடாமல் மூடிவைத்துக்கொண்டே பணம் திரட்டியது. 2013இல் அஸ்ட்ராஜெனெகா மட்டும் முன்பணமாக 24 கோடி டாலர் கொடுத்தது. தெரனோஸைப் போலவே இருக்கிறது என்று அப்போதே எழுதினார்கள். 2020இல் அவர்களுடைய கொரோனா தடுப்பூசி வேலை செய்தது. ஆகவே ரகசியம், விஞ்ஞானி அல்லாத தலைவர், பெரிய பெயர்கள் ஆகிய மூன்றும் இருந்தாலே மோசடி என்று முடிவு கட்ட முடியாது.

தேனடை

நல்ல உதாரணம். ஆனால் அதன் ஆலோசகர் பக்கத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். மாடர்னாவின் இணை நிறுவனர் ராபர்ட் லேங்கர், மருந்தை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் துறையில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். நிறுவனத்தின் சிக்கலே, புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறான எம்ஆர்என்ஏவை உயிரணுவுக்குள் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான். ஆள் யார், சிக்கல் எது இரண்டும் பொருந்தின. பன்செல்கூட முன்பு பயோமெரியு என்ற நோயறி கருவி நிறுவனத்தை நடத்தியவர். வேடிக்கை என்னவென்றால், தெரனோஸ் செய்ய வந்த வேலையைப் பற்றி அந்த இயக்குநர்கள் பலரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, தடுப்பூசிக்குச் சந்து கிடையாது. மாடர்னா ஏறக்குறைய 30,000 பேரிடம் சோதித்துக் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. அங்கே யாருடைய புகைப்படமும் செல்லாது.

வடகாற்று

ஒப்புக்கொள்கிறேன். பாதி.

நெட்டைமரம்

வடகாற்று பாதி ஒப்புக்கொண்ட தேதியை யாராவது குறித்து வையுங்கள்.

பழையகணக்கு

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் ஒன்றுதான். ஷூல்ட்ஸின் பேரன் டைலர் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கூடத்தில் நடப்பதைப் பார்த்தார். 2014இல் ஹோம்ஸுக்கே எழுதினார், நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் புனைபெயரில் எழுதினார். தாத்தாவிடம் நேரில் சொன்னார். தாத்தா ஹோம்ஸை நம்பினார், பேரனை நம்பவில்லை. வக்கீல்கள் தாத்தா வீட்டிலேயே பேரனுக்காகக் காத்திருந்தார்கள். வழக்குச் செலவாக அவன் பெற்றோருக்கு 4 லட்சம் டாலருக்கும் மேல் போனது.

ஷூல்ட்ஸ் நான்கு அமைச்சரவைப் பதவிகளை வகித்தவர். சோவியத் தலைவர்களுடன் பேரம் பேசியவர். எதிராளி பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பதே பிழைப்பாக வாழ்ந்த மனிதர். தம் சோபாவில் உட்கார்ந்து பேரன் சொன்னது காதில் ஏறவில்லை. பெரியவர்களை வைத்துக்கொள்வதில் உள்ள அபாயமே இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் பெயரைப் பார்த்து இன்னொருவர் சேருகிறார். ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் ஆய்வுக் கழகத்து நண்பர்கள் பலர் அவரைப் பார்த்துத்தானே வந்தார்கள்? அத்தனை பேரைக் கூட்டி வந்தவர் முதலில் எழுந்து போவது லேசான காரியமா?

ஆய்வகத்தான்

டைலரோடு எரிகா சுங்கையும் சொல்லுங்கள். கல்லூரி முடித்த கையோடு வந்த பெண். கருவியைச் சரிபார்க்க, விடை முன்பே தெரிந்த 'கண்ட்ரோல்' மாதிரியை ஓட்டும்போது எண்கள் சரியாக வராவிட்டால், ஒத்துவராத எண்களை நீக்கிவிட்டுத் தேறியதாகக் காட்டினார்கள் என்று சாட்சி சொன்னார். 2015இல் மத்திய அமைப்புக்குப் புகார் எழுதியவரும் அவர்தான். கண்ட்ரோல் தேறாத நாளில் நோயாளியின் மாதிரியைத் தொடக்கூடாது. இது எங்கள் கூடத்தில் சுவரில் ஒட்டியிருக்கும். பன்னிரண்டு இயக்குநர்களில் ஒருவராவது கூடத்துக்குள் போய் 'இன்றைய கண்ட்ரோல் அட்டையைக் காட்டு' என்று கேட்டிருந்தால்? கேட்கத் தெரியாது. அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது.

தேனடை

முடிவு தெரியாதவர்களுக்கு: ஹோம்ஸுக்கு 2022 நவம்பரில் 11 ஆண்டு 3 மாதம் சிறை. அடுத்த மாதம் பல்வானிக்கு 12 ஆண்டு 11 மாதம். இருவரும் திருப்பித் தர வேண்டிய தொகை 45 கோடி டாலருக்கும் மேல். ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் நடுவர் குழு அவரை விடுவித்துவிட்டது. பல்வானிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, 12 குற்றச்சாட்டுகளிலும் தண்டனை. வெளியிலிருந்து வந்த இயக்குநர்கள் யார் மீதும் குற்ற வழக்கு இல்லை.

மேட்டுத்தெரு

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வீட்டில் விசேஷம்.

நீங்கள் எழுதியதை எல்லாம் அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் நிறுவனத்துக்கு இரண்டே கேள்வி எழுதினாள். பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? நான் அவரிடம் பேசலாமா? மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் ஒரு பெயர் அனுப்பினார்கள். அந்தப் பதினாறு புகைப்படங்களில் அந்த அம்மாள் இல்லை.

நோய்க்குறியியல் மருத்துவராம். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். எந்தப் பரிசோதனை சரியாக வருகிறது, எது இன்னும் வரவில்லை என்று ஒளிக்காமல் சொன்னாராம். வராததன் எண்ணிக்கைதான் அதிகம். இவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. நிறுவனத்தைப் பிடித்ததா என்று கேட்டால் பதில் சொல்ல மறுக்கிறாள்.

ஆய்வகத்தான்

அந்த அம்மாள் வாரத்துக்கு எத்தனை நாள் கூடத்துக்கு வருகிறார்?

மேட்டுத்தெரு

கேட்டுச் சொல்கிறேன்.

மேட்டுத்தெரு

திங்கள், வியாழன். மற்ற நாட்களில் அழைத்தால் வருவாராம்.

ஆய்வகத்தான்

அழைத்தது எத்தனை முறை, வந்தது எத்தனை முறை என்று பதிவேட்டில் இருக்கும். சேர்வதற்கு முன்பு அதைப் பார்க்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.